மூடிக்குள் இல்லாதது

சாவியைத் திருப்பியதும் ஸ்டார்ட்டர் மோட்டார் கரகரவென்று சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது, எஞ்சின் மட்டும் பிடிக்கவில்லை. பிடிக்காது என்பது சென்னியப்பனுக்குத் தெரியும். அது தெரிந்த ஒரே ஆள் அவர்தான். பிடிப்பதற்கு வேண்டிய ரோட்டார் அவருடைய பேண்ட் பாக்கெட்டில், கைக்குட்டைக்குள் சுருட்டிக் கிடந்தது. கட்டைவிரல் நுனியளவு பழுப்புத் துண்டு, தலையில் ஒரு பித்தளைத் தகடு, அவ்வளவுதான். காயிலிலிருந்து வரும் மின்சாரத்தைப் பந்தியில் பரிமாறுகிற மாதிரி நாலு பிளக்குக்கும் வரிசையாகப் பங்கு வைப்பது அதன் வேலை. காலையில் மனைவி தெய்வானை குளிக்கப் போன நேரம் பார்த்து பானட்டைத் திறந்து, டிஸ்ட்ரிப்யூட்டர் மூடியின் கிளிப்புகளை விரலால் தடவியே கழற்றி, உள்ளிருந்த ரோட்டாரைப் பிடுங்கி எடுத்துக்கொண்டு, மூடியைப் பழையபடி மாட்டிவிட்டார். ஆடாத பல்லைப் பிடுங்கிய மாதிரி இருந்தது. பிறகு எட்வின் வந்து இறங்கினான். நாகர்கோவிலிலிருந்து ரயிலேறி வந்தவன், பெட்டியைக் கூட வீட்டுக்குள் வைக்காமல் நேராகக் கார் ஷெட்டுக்கு வந்து, கரும்பச்சை நிறத்தில், கூரையில்லாமல், இரண்டே பேர் உட்காரும்படி தரையோடு ஒட்டிப் படுத்திருந்த அந்தப் பழைய ஸ்போர்ட்ஸ் காரின் முதுகைத் தட்டி, "சொகமா இருக்கியாடி?" என்று கேட்டான். மலைப் பந்தயங்களில் சென்னியப்பன் வண்டியோட்ட, இடது சீட்டில் உட்கார்ந்து வளைவுகளைச் சொல்லிக்கொண்டு வந்தவன் எட்வின். பிறகு மஸ்கட்டுக்குப் பிழைக்கப் போனவன் இப்போதுதான் ஊரோடு திரும்பியிருக்கிறான். இன்று பழைய வண்டிகளின் ஊர்வலம், மேட்டுப்பாளையம் தாண்டிக் கோத்தகிரி வரை. இத்தனை வருஷம் கழித்து இருவரும் ஒரே வண்டியில். அதற்காக எட்வின் புதிதாகத் தொப்பி ஒன்று வாங்கியிருந்தான், அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான், அதைத்தான் சென்னியப்பனால் பார்க்க முடியவில்லை. "இன்னொருக்க அடி" என்றான் எட்வின். அவர் அடித்தார். கரகர. "பேட்டரி கல்லு மாதிரி இருக்கு கேட்டியா. மோட்டாரும் நல்லாத்தான் சுத்துது. அப்ப ரெண்டுல ஒண்ணு. எண்ணெய் வரல்ல, இல்லேன்னா பொறி வரல்ல. பாத்திருவோம்." பாத்திருவோம் என்று அவன் சொன்னதில் ஒரு சந்தோஷம் இருந்தது. வண்டி கிளம்பாததுகூட அவனுக்கு இன்றைய விருந்தில் ஒரு பதார்த்தம். சென்னியப்பனின் கை பாக்கெட்டுக்குப் போயிற்று, கைக்குட்டைக்கு மேலாக அந்தத் துண்டைத் தொட்டது, சுட்டதுபோல் வெளியே வந்தது.

பெட்ரோலைத்தான் முதலில் பார்ப்பான், பார்க்கட்டும், அதில் கொஞ்ச நேரம் போகும், ஊர்வலம் கிளம்பிவிட்டால் அப்புறம் கவலையில்லை, கிளம்பிவிடும், யாருக்காகவும் நிற்காது. எட்வின் கார்புரேட்டருக்குப் போகும் குழாயைக் கழற்றி ஒரு தண்ணீர் பாட்டிலுக்குள் விட்டான். பம்ப் டிக்டிக்கென்று அடித்து, பெட்ரோல் வெயிலில் மின்னிக்கொண்டு பாட்டிலில் விழுந்தது. அந்த வாசனை சென்னியப்பனின் நெஞ்சுக்குள் போய் ஏதோ ஒரு கதவைத் தட்டியது. இந்த வாசனையோடு எத்தனை காலை, எத்தனை மலை, ஓட்டினால் என்ன, எட்வின்தான் பக்கத்தில் இருக்கிறானே, மெதுவாகப் போனால் போச்சு, முன்னால் போகிற வண்டியின் பின்விளக்கைப் பார்த்துக்கொண்டே போனால், நேரே இருப்பதெல்லாம் தெரியத்தானே செய்கிறது, பளிச்சென்று தெரிகிறது, எட்வின் தொப்பியில் உள்ள தையல்கூடத் தெரிகிறது. இல்லை. அந்தப் பெண். அன்றைக்குத் தொண்டாமுத்தூர் ரோட்டில், வாழைத்தோப்பு முடிகிற இடத்தில், மொபெட்டின் இரண்டு பக்கமும் பால்கேன் தொங்க, அவள் இல்லை, இல்லவே இல்லை, ரோடு காலியாக இருந்தது, சத்தியமாகக் காலியாக இருந்தது, அடுத்த நொடி பானட்டுக்கு முன்னால் அவள் முழுசாக இருந்தாள், சேலைத் தலைப்பும் பால்கேனும் திறந்த வாயுமாக. கால் தானாகப் பிரேக்கை மிதித்தது. அது பழைய கால், கண்ணைக் கேட்காமல் வேலை செய்கிற கால். கேன் ஒன்று ஆடிப் பால் சிந்தியது, அவ்வளவோடு போயிற்று. வண்டியை ஓரம் கட்டி இறங்கியவரை மேலும் கீழும் பார்த்து அவள் கேட்டாள்: "கண்ணு என்ன பொடனீலயா இருக்குது?" பொடனியில். பிடரியில் கண். திட்டுதான், யாரும் யாரையும் திட்டுவதுதான், ஆனால் அவள் ஒரு வைத்தியரைப் போலக் கேட்டதாக அவருக்கு இப்போது தோன்றுகிறது. பல் தேய்க்கும்போது அந்தக் கேள்வி வருகிறது, சோற்றில் கை வைக்கும்போது வருகிறது. அவள் கேனில் பாலுக்குப் பதில் பிள்ளையை வைத்துக்கொண்டு வந்திருந்தால். பிள்ளையைக் கேனில் யார் வைப்பார்கள், என்ன யோசனை இது, முன்னால் நிற்க வைத்துக்கொண்டு வந்திருந்தால். "எண்ணெய் ஜம்முனு வருகு" என்றான் எட்வின். "அப்ப பொறிதான்."

தெய்வானை காப்பி கொண்டு வந்தாள். வலது பக்கமாக வந்திருக்க வேண்டும், ஏனென்றால் அவள் குரல்தான் முதலில் வந்தது, "ஏனுங்க, புடிங்க", தட்டு அப்புறம் வந்தது, எங்கிருந்தோ முளைத்த மாதிரி. அவர் கையை நீட்டிய வேகத்தில் புறங்கை டம்ளரில் இடித்து, பாதிக் காப்பி தட்டில் கொட்டியது. "உங்களுக்கு நெனப்பு எங்க இருக்குது? எட்வினண்ணன் வந்த சந்தோசத்துல கையுங் காலும் ஓடல போல" என்று சிரித்தாள். அவள் எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் வைத்திருந்தாள். நிலைப்படியில் இடித்துக்கொண்டால், நெனப்பு. கேட் தூணில் பச்சை வண்டியின் மட்கார்டு உரசியபோது, வயசு. அவளுடைய தம்பி மகன் கல்யாணத்தில் பெரிய சம்பந்தி பக்கத்தில் வந்து கும்பிட்டபடி நிற்க, இவர் பாட்டுக்கு மேடையைப் பார்த்துக்கொண்டே நடந்துபோய்விட்டார், அந்த மனிதர் இன்றுவரை பேசுவதில்லை, அதற்கு அவள் சொன்ன காரணம், கர்வம். கர்வமாகவே இருக்கட்டும் என்று அவர் விட்டுவிட்டார். கர்வம் எவ்வளவோ தேவலை. டயர் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டுத் தனியாக ஆட்டோவில் கண் ஆஸ்பத்திரிக்குப் போன அன்றைக்கு, வெள்ளைக் கிண்ணம் போன்ற ஒரு மெஷினுக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள். வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும். முதல் சில புள்ளிகள் தெரிந்தன. பிறகு ஒன்றும் வரவில்லை. எங்கும் ஒரே வெள்ளை அமைதி. வராமல் இருக்காதே, மெஷின் சும்மாவா இருக்கும், வந்துகொண்டுதான் இருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை என்று அவர் குத்துமதிப்பாக அழுத்த ஆரம்பித்தார், ஒரு தாளம் பிடித்து, பந்தயத்தில் கியர் மாற்றுகிற மாதிரி. "சார், சும்மா சும்மா அழுத்தாதீங்க" என்றாள் அந்த டாக்டர் பெண். அவர் மகள் வயதுகூட இருக்காது. "கண்ணுல நீரழுத்தம் சார். ஓரப் பார்வையை மெல்ல மெல்லத் தின்னுட்டு வரும், வலியே இருக்காது. போனது திரும்பாது. இருக்கறதைக் காப்பாத்திக்கலாம். வண்டி ஓட்டறீங்களா?" இல்லை என்றார். ஏன் இல்லை என்று சொன்னோம் என்று வீடு வரும்வரை யோசித்தார். சொட்டு மருந்தை ஷெட்டில், ஸ்பேனர்கள் கிடக்கும் தகரப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார். காலையும் மாலையும் பச்சை வண்டியின் சீட்டில் மல்லாந்து விட்டுக்கொள்கிறார். வண்டியோடு கொஞ்சிக்கொண்டிருக்கிறார் என்று தெய்வானை நினைத்துக்கொள்கிறாள்.

எட்வின் ஒரு பிளக்கைக் கழற்றி அதன் வயரில் மாட்டி எஞ்சினின் இரும்பில் சாய்த்து வைத்தான். "அடி சென்னி." அடித்தார். "பொறி இல்ல. செத்துக் கெடக்கு." இன்னொரு பிளக். அதிலும் இல்லை. நெருங்கிவிட்டான். இப்போது காயிலைப் பார்ப்பான், காயிலிலிருந்து டிஸ்ட்ரிப்யூட்டருக்கு வரும் தடித்த வயரைப் பிடுங்கி இரும்புக்குப் பக்கத்தில் பிடிப்பான், நீலமாகப் பொறி தெறிக்கும், அப்புறம் மூடிதான். வேறு போக்கிடமே இல்லை. கேரளாக்காரன் ஒருவன் சீட்டாட்டத்தில் கையிலிருக்கும் சீட்டை ஒவ்வொன்றாக இறக்குவதைப் பார்த்த ஞாபகம், கடைசிச் சீட்டு இருக்கும்போது அவன் நெற்றியில் வேர்த்தது. சென்னியப்பனுக்கும் வேர்த்தது. சொல்லிவிடலாம். என்ன சொல்வது. "எட்வின், என்ற கண்ணு..." அதற்கு மேல் வாக்கியம் ஓடவில்லை. அதுவும் கரகரவென்று சுற்றிவிட்டு நின்றது. இவனிடம் எப்படிச் சொல்ல முடியும்? வால்பாறை ஏறும்போது மூடுபனி இறங்கி, பானட்டின் மூக்குகூடத் தெரியாத அன்று மற்றவர்கள் எல்லாம் வண்டியை நிறுத்திவிட்டார்கள், இவர்கள் நிற்கவில்லை. மடியில் விரித்த வளைவுக் குறிப்புத் தாளைப் பார்த்து எட்வின் சொன்னான், "எடது, கொஞ்சம், இன்னும் கொஞ்சம், இப்பம் வலது ஒடி, பாலம் வருகு, நேரா விடு." ஒன்றும் தெரியாமல், அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு மேலே போய்ச் சேர்ந்தார்கள். சேர்ந்ததும் எட்வின் இறங்கி வாந்தியெடுத்தான். பிறகு சொன்னான், "ஒனக்குக் கண்ணு இருக்கது வரைக்கும் எனக்குப் பயமில்ல டே." அன்றைக்குக் கண்ணே வேலை செய்யவில்லை என்பது இருவருக்கும் தெரியும், ஆனாலும் அப்படித்தான் சொன்னான். அப்படியானால் இன்றைக்கும் முடியும்தானே? பனி என்று நினைத்துக்கொண்டால்? ஓரமெல்லாம் பனி, நடுவில் ஒரு ஓட்டை, பக்கத்தில் எட்வின் குரல். ஆனால் அன்றைக்குப் பனி இருப்பது அவனுக்கும் தெரிந்திருந்தது. இன்றைக்கு அவன் தெரியாமல் வந்து உட்காருவான், புதுத் தொப்பியோடு. கோத்தகிரி ரோட்டின் வளைவுகளில் பள்ளம் எப்போதும் அவன் பக்கமாகவா இருக்கும், ஏறும்போது இல்லை, இறங்கும்போது, இறங்கும்போது அவன் பக்கம்தான்.

"கையெல்லாம் பிசுக்கு. கொஞ்சம் சோப்பு போட்டுட்டு வருகேன், மூடியத் தொடச்சுக் கையால தொடணும்" என்று எட்வின் வீட்டுக்குள் போனான். ஷெட்டில் சென்னியப்பனும் வண்டியும் மட்டும். போட்டுவிடலாமே. இந்த யோசனை பூனை மாதிரி வந்து காலில் உரசியது. போட்டுவிட்டால் ஒரே அடியில் பிடித்துக்கொள்ளும், எட்வின் கத்துவான், தெய்வானை ஓடி வருவாள், யாரும் ஒன்றும் கேட்கப் போவதில்லை, மலைக்குப் போய்விட்டு வந்துவிடலாம், கடைசித் தடவை, மெதுவாக, ஒரே ஒரு தடவை. அவர் கை அவரைக் கேட்கவில்லை. கைக்குட்டை அவிழ்ந்தது, ஒரு கிளிப் படாரென்று விடுபட்டது. இரண்டாவது கிளிப்பைத் தேடிய விரல் வேறெதிலோ பட்டு வழுக்கியது. குனிந்து பார்த்தார். ஓட்டைக்குள் ஒரு வயர் தெரிந்தது, தலையைத் திருப்பினால் இன்னொரு வயர், மறுபடி முதல் வயர், மூடி எங்கே போயிற்று, இத்தனை நேரம் இங்கேதானே இருந்தது, காலையில் தடவியே கழற்றிய கைக்கு இப்போது இடம் பிடிபடவில்லை, வெளியே செருப்புச் சத்தம். ரோட்டாரைப் பாக்கெட்டில் திணித்துக்கொண்டு நிமிர்ந்தார். மூச்சு வாங்கியது. திருட வந்த இடத்தில் மாட்டிக்கொண்டவனுக்கு இருக்கும் மூச்சு. திருடியது தன் வண்டியிலிருந்துதான், ஆனாலும்.

எட்வின் காயில் வயரைப் பிடுங்கி இரும்புக்குப் பக்கத்தில் பிடித்தான், சென்னியப்பன் சாவியைத் திருப்பினார். நீலப் பொறி டப்பென்று தெறித்தது. "பாத்தியா! இதுவரைக்கும் வருகு. மூடிக்குள்ளதான் கோளாறு" என்றான் உற்சாகமாக. மூடியில் கை வைத்தவன் நின்றான். ஒரு கிளிப் திறந்து கிடந்தது. அவன் முகம் சென்னியப்பனுக்கு நேரே இருந்தது, நடு ஓட்டைக்குள், தெளிவாக, மூக்கின் மேல் ஒரு துளி கிரீஸோடு. மற்ற கிளிப்பையும் எடுத்து மூடியைத் தூக்கினான். உள்ளே பார்த்தான். கொஞ்ச நேரம் பார்த்தான். ரோட்டார் இருக்க வேண்டிய தண்டு மொட்டையாக நின்றது. அது தானாக விழுகிற சாமான் இல்லை, யாராவது எடுத்தால்தான் உண்டு என்பது எட்வினுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவன் தலை நிமிரவில்லை. மூடியை மெதுவாகத் திரும்ப வைத்தான், கிளிப்புகளை மாட்டினான், துணியில் ஒவ்வொரு விரலாகத் துடைத்தான். தெய்வானை வாசலிலிருந்து கேட்டாள், "என்னங்ணா, கண்டுபுடிச்சாச்சுங்களா?" "பெரிய வேலைம்மா" என்றான் எட்வின், "உள்ளுக்குள்ள என்னமோ போயிருக்கு. இன்னைக்கு ஒண்ணும் நடக்காது." போனை எடுத்து ஊர்வலக்காரர்களிடம் அதையே சொன்னான், அதைவிட நன்றாகச் சொன்னான், எஞ்சினைப் பிரித்தால்தான் தெரியும் என்றான். சென்னியப்பன் நினைத்தது நடந்துவிட்டது. நினைத்ததைவிடச் சுத்தமாக நடந்துவிட்டது. சந்தோஷம்தான் வரவில்லை. எட்வின் தொப்பியைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்தான். "சாயங்காலம்தான் ரயில். ஆனா பஸ்ல போயிருகேன், திருநெல்வேலி பஸ் எப்பவும் உண்டுல்லா, அங்கயிருந்து மாறிக்கிடுகேன்." "சாப்பிட்டுட்டுப் போ" என்றார் சென்னியப்பன். எட்வின் பெட்டியின் மேல் குனிந்திருந்தபடியே, தெய்வானைக்குக் கேட்காத குரலில் சொன்னான்: "என்கூடப் போக ஒனக்கு இஷ்டமில்லேன்னா போன்ல ஒரு வார்த்த சொல்லப்பிடாதா சென்னி? நான் வந்திருக்க மாட்டேன். வயசாயிட்டு, பழைய மாதிரி வளைவு சொல்ல மாட்டேன்னு நெனச்சியா, இல்ல வேற யாரையும் ஏத்தணுமா, எனக்கென்ன தெரியும். இதுக்காக வண்டியக் கொன்னு வைக்கணுமா?"

இதை அவர் எதிர்பார்க்கவில்லை. பிடிபடுவோம், சிரிப்பான், திட்டுவான், ஏன் என்று கேட்பான், எல்லாம் யோசித்து வைத்திருந்தார். இவன் ஏன் என்று கேட்கவே இல்லை, தனக்குள்ளேயே ஒரு காரணத்தைக் கண்டுபிடித்துக்கொண்டான், தெய்வானையைப் போலவே, அந்தச் சம்பந்தியைப் போலவே. எல்லாருக்கும் ஒவ்வொரு காரணம் கிடைத்துவிடுகிறது. இவனும் அந்த ஓட்டைக்கு வெளியே போகிறான். பெட்டியோடு இடது பக்கம் நகர்ந்தான், போய்விட்டான், இல்லை, செருப்புச் சத்தம் இருக்கிறது. "எட்வின்" என்று கூப்பிட்டார். குரல் கத்தலாக வந்தது. "எட்வின், எங்க போற, நில்லு. எனக்குத் தெரியல." "என்ன தெரியல?" "நீ. நீ எங்க நிக்கறேன்னு தெரியல. என்ற கண்ணு போச்சு. ரெண்டு பக்கமும் போச்சு. நடுவுல மட்டுந்தான் இருக்குது. நாந்தான் புடுங்குனேன். உன்னையக் கூட்டிட்டுப் போய் எங்கயாச்சும் தள்ளீட்டேன்னா என்ன பண்றது?" வாக்கியம் ஓடிவிட்டது.  காப்பித் தட்டை எடுக்க வந்த தெய்வானை எங்கேயோ நிற்கிறாள், அவள் வளையல் ஒரு தடவை ஒலித்தது. பெட்டி தரையில் வைக்கப்படும் சத்தம் கேட்டது. "வெளிய வா" என்றான் எட்வின். கையைப் பிடித்து முற்றத்துக்குக் கூட்டிப்போய், மதில் சுவரைப் பார்த்து நிற்க வைத்தான். "நேரா பாரு. தலையத் திருப்பாத. நான் இப்பம் எங்க நிக்கேன்?" "தெரியல." சரளைக்கல் நெறிந்தது. "இப்பம்?" "இல்ல." "இப்பம்?" "இல்ல எட்வின்." அவனை ஏமாற்ற வேண்டாம் என்று அவர் முடிவு செய்திருந்தார், பொத்தானைக் குத்துமதிப்பாக அழுத்துவதில்லை, தெரிந்தால் தெரிகிறது, இல்லாவிட்டால் இல்லை. மதிலில் ஒரு அணில் ஓடியது, ஓட்டைக்குள் வந்தது, கடந்தது, இல்லாமல் போயிற்று.  "இப்பம்?" "இல்ல." அப்போது வலது பக்கத்திலும் சரளை நெறிந்தது, மெல்லிய, செருப்பில்லாத கால். தெய்வானை. எட்வின் நகர்கிற மாதிரியே அவளும் ஒவ்வொரு அடியாக வந்தாள். அவர் நேரே பார்த்துக்கொண்டு நின்றார். முதலில் எட்வினின் சட்டைத் தோள் வந்தது, அப்புறம் காது, மூக்கிலிருந்த கிரீஸ். "வந்துட்ட" என்றார். அதே நேரம் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு நீலச் சேலையின் ஓரம், வளையல், கை. "நீயும் வந்துட்ட." இரண்டு பேரும் அசையாமல் நின்றார்கள். கிட்டத்தட்ட ஒருவரோடொருவர் தோள் இடிக்கும்படி, அவர் முகத்துக்கு நேரே நின்றார்கள்.

தெய்வானை எட்வினைப் பார்த்தாள். தன் கையைப் பார்த்தாள். இருவருக்கும் நடுவில் மீந்திருந்த இடத்தைப் பார்த்தாள்.

"தெரியறது இவ்வளவுதானுங்களா?" என்றாள்.

"இவ்வளவுதான்" என்றார் அவர்.

அவள் அழுவாள் என்று நினைத்தார். அவள் ஓரடி எடுத்து அந்த இடத்துக்குள் வந்து நின்றாள். நரைத்த வகிடு, நெற்றியில் குங்குமம், உதட்டை மடித்துக் கடித்துக்கொண்டிருந்தது, எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. தெரிவது முழுக்க அவளாகவே இருந்தது.

"ஆடாத, புள்ள" என்றார். "கொஞ்ச நேரம் அப்படியே நில்லு."